சாவியக்காவின் தொலைந்த சாவி

இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் உட்கார்ந்து டீ குடித்து வருகிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்குத்தான் முதல்முறையாக உள்ளே தலையை நீட்டுகிறீர்கள் என்றால், கதவோரமாக நில்லுங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஊரே சாவியக்கா என்று கூப்பிடும் நம் மூத்தவள், பஸ் நிலையத்துக்கு எதிரே மாடிப்படிக்கு அடியில் இருக்கிற குட்டிக் கடையில் சாவி வெட்டுகிறவள். ஊரில் சாவி வெட்ட இருப்பது அந்த ஒரே கடைதான். அப்பா போன பிறகு கடையையும் தங்கை தம்பியையும் தன் தலையில் போட்டுக்கொண்டவள்; அந்த ஓட்டத்தில் தன் கல்யாணம் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனவள். நடுவிலவளை வெளியூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. கடைக்குட்டி சின்னவன் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி பள்ளிக்கூட டீச்சர். சின்னவனுக்குப் பெண் பார்த்தபோது, பெண் வீட்டார் அவனை மதிக்க வேண்டுமே என்று, அப்பா விட்டுப்போன வீட்டை அவன் பெயருக்கே மாற்றச் சொல்லி முதல் கையெழுத்தைப் போட்டவளும் சாவியக்காதான். வீடு யார் பெயரில் இருந்தால் என்ன, ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்கு இருந்தால் போதும் என்றாள். அதில் அவளுக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

போன வாரம் அந்த வீட்டில் இரண்டு கூத்து நடந்தது. ஒன்று, முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்து சுவரையெல்லாம் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். கரையானுக்கு மருந்து அடிக்கிறவர்கள் என்றான் சின்னவன். அக்கா அப்படியே நம்பி அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, சமையலறை மூலையையும் நன்றாகப் பாருங்கள் என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போய்க் காட்டினாள்.

இன்னொன்று, சாவியக்காவின் சொந்த வீட்டுச் சாவியே தொலைந்துபோனது. நடுவிலவள் வந்து சில நாள் தங்கிவிட்டு ஊருக்குக் கிளம்பிப்போன அன்றைக்குச் சாயங்காலம், கடையை மூடிவிட்டு வந்தவள் வாசலில் நின்று பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தாள். சாவி இல்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். சின்னவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய்த் தேடினான். தலைமுடியில் ஒட்டடையோடு வெளியே வந்தவனுக்கு அவள்தான் தன் கையால் துடைத்துவிட்டாள். மறுநாள் ஊரே சிரித்தது. சாவியக்காவுக்கே சாவி தொலைந்துவிட்டதாம், இனிமேல் பூட்டு மாட்டி என்ன பிரயோசனம் என்று டீக்கடைக்காரர் கிண்டலடித்தார். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, தம்பியின் சாவியை வைத்துத் தனக்குப் புதிதாக ஒன்று வெட்டிக்கொண்டாள்.

கதை அங்கே நின்றது. இனி இந்தச் சனிக்கிழமை.

காலையில் கடையில் நல்ல கூட்டம். ஒருவர் மேசை டிராயரின் சாவியை உடைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு பெண் சைக்கிள் பூட்டையே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். எல்லாம் முடித்து, மெஷினில் படிந்த பித்தளைத் தூளைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தபோது, கையிடுக்கில் ஹெல்மெட்டோடு ஒரு ஆள் வந்து நின்றார். வீடு வாங்கி விற்கும் புரோக்கர் என்று தானே சொல்லிக்கொண்டார். பக்கத்து ஊர்க்காரராம். ஒரு சாவியை நீட்டி, இதே மாதிரி மூன்று வேண்டும், கொஞ்சம் அவசரம் என்றார்.

சாவியக்கா வாங்குவதற்கு முன்னாலேயே தன் இரண்டு கேள்விகளைக் கேட்டாள். எந்தப் பூட்டு? யாருடைய வீடு? அந்தக் கடையில் அப்பா காலத்திலிருந்து இது வழக்கம். கேள்விக்குப் பதில் வராமல் மெஷின் சுற்றாது. போலீஸ்காரர் ஒருவர் சொல்ல மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டபோது, அவரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவள்.

"வாசக் கதவுப் பூட்டுதான். தண்ணி டேங்க் தெருவுல நீலக் கேட் போட்ட வீடு" என்றார் புரோக்கர்.

தண்ணீர் டேங்க் தெருவில் நீலக் கேட் ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு நீலம் அடித்தவளே அவள்தான். இந்த ஆள் ஏதோ இடத்தை மாற்றிச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள்.

அந்த வீட்டுப் பூட்டுக்கு மூன்றே சாவிதான். இருட்டில் தடவினாலும் யாருடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, சாவியின் தலையில் அரத்தால் கோடு போட்டு வைத்திருந்தாள். தனக்கு ஒரு கோடு, சின்னவனுக்கு இரண்டு, டீச்சருக்கு மூன்று. தன்னுடையதில் கோடு போடுகிற நேரம் பார்த்து, பால் பொங்குகிறது என்று உள்ளேயிருந்து டீச்சர் குரல் கொடுக்க, அரம் சறுக்கிக் கோடு சாய்ந்துவிட்டது. அந்தச் சாய்ந்த கோடு இப்போது அவளுடைய கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. சந்தேகமே இல்லை. தொலைந்துபோன அவளுடைய சாவிதான்.

 எத்தனையோ வருஷமாகக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவள் இல்லையா, முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அது யார் வீடு என்று கேட்டேனே என்றாள்.

புரோக்கருக்கு வாய் கொஞ்சம் நீளம். மருந்துக் கடைக்காரர் வீடு, விற்கிறார்கள், பேசி முடித்தாகிவிட்டது, பத்திரம் அடுத்த வாரம் என்று அடுக்கினார். வாங்குகிறவர்கள் பெயின்டரை அனுப்பி அளவெடுக்க வேண்டுமாம், அதற்காகத்தான் கூடுதல் சாவியாம். தம்பதி பட்டணத்துக்குப் போய்ச் சொந்தமாக மருந்துக் கடை வைக்கப் போகிறார்களாம். பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை என்பதால் இந்தச் சாவியைக் கொடுத்துவைத்திருந்தார்களாம். எதிரில் உட்கார்ந்திருப்பவள் யாரென்று அந்த மனிதருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அடுத்ததைச் சொல்லியிருக்க மாட்டார்.

"ஒரு அக்கா இருக்காங்களாம், கல்யாணம் ஆகாதவங்க. அவங்கள என்ன பண்றதுன்னுதான் முழிச்சிட்டு இருந்தாங்க. வெளியூர்ல தங்கச்சி வீட்டுல மாமியார் படுத்த படுக்கையா கெடக்காங்களாம், பாத்துக்க ஆள் தேடிட்டு இருந்தாங்களாம். அக்காவ அங்க அனுப்பிட்டா ரெண்டு பக்கமும் வேலை முடிஞ்சுது பாருங்க."

"அந்தம்மா என்ன சொன்னாங்களாம்?"

"என்ன சொல்லப் போறாங்க? சரின்னுட்டாங்களாம்."

சாவியக்கா அந்தச் சாவியை மெஷின் மேல் வைத்தாள். மறுபடி எடுத்தாள்.  மெஷின் பெல்ட் அறுந்திருக்கிறது, சாவியை விட்டுவிட்டுப் போங்கள், திங்கட்கிழமை வாருங்கள் என்றாள். அந்தக் கடையில் உட்கார்ந்து அவள் சொன்ன முதல் பொய் அது. புரோக்கர் உச்சுக்கொட்டிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வந்தவர்களிடம் என்ன பேசினாள், என்ன வெட்டிக் கொடுத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. வீடு போகிறதே என்ற நினைப்புகூட முதலில் வரவில்லை. திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்து நின்றது, டார்ச்சும் கையுமாகக் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்த சின்னவன்தான். அந்த ஒட்டடையைத் துடைத்துவிட்டோமே என்று நினைத்தபோது தன் கையின் மீதே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அவன் ஏன் தன் சாவியைக் கொடுக்காமல் அவளுடையதைக் கொடுத்தான் என்று நீங்கள் கேட்கலாம். அவளுக்கு அது உடனே புரிந்துவிட்டது. அவனுக்கும் டீச்சருக்கும் தினமும் சாவி வேண்டும். கூடுதலாக ஒன்று வேண்டுமென்றால் அவளிடம்தான் வர வேண்டும். அவளோ, தம்பியாகவே இருந்தாலும், யாருக்கு என்று கேட்காமல் வெட்ட மாட்டாள். அவள் சாவி தொலைந்தால் மட்டும் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அவளே இன்னொன்று வெட்டிக்கொள்வாள். எவ்வளவு வக்கணையாக யோசித்திருக்கிறான் பாருங்கள். பட்டணம் மாதிரி இந்த ஊரில் மூலைக்கு மூலை சாவிக் கடை கிடையாது, நாளைக்கு இந்தப் புரோக்கர் நகல் எடுக்க எங்கே போவார் என்று யோசிக்க மட்டும் மறந்துவிட்டான்.

மத்தியானம் கடையின் ஷட்டரை இழுத்து மூடினாள். சனிக்கிழமை மத்தியானம் அவள் கடையை மூடி யாரும் பார்த்ததில்லை. உடம்பு சரியில்லையா என்று டீக்கடைக்காரர் எழுந்து வந்தார். தொலைந்த சாவி கிடைத்துவிட்டது என்றாள். அட, நல்லதாகப் போயிற்று என்றார் அவர். அவள் பையில் ஸ்குரூ டிரைவரும், புதுசாக ஒரு பூட்டும் இருந்தன.

வீட்டில் டீச்சர் இருந்தாள். அரை நாள் பள்ளிக்கூடம். கூடத்தில் தரையில் உட்கார்ந்து பழைய புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். இதையும் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள் சாவியக்கா. வீடு சுத்தம் பண்ணுகிறாள், பொறுப்பான பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நல்ல மனசு இருந்தால் கண் இருந்தும் இப்படித்தான் ஆகும்.

அண்ணி சீக்கிரம் வந்துவிட்டதைப் பார்த்து டீச்சர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்ச நாளாகவே அவள் அண்ணியிடம் வழக்கத்தைவிடப் பரிவாக நடந்துகொண்டாள். தலைவலி என்றால் தைலம், தும்மினால் வெந்நீர். அதெல்லாம் எதற்கு என்று இப்போதுதான் சாவியக்காவுக்கு உறைத்தது.

டம்ளரைக் கீழே வைத்தாள். "டீச்சர், பத்திரம் என்னிக்கு?" என்று கேட்டாள்.

திருடி மாதிரி முழிப்பாள், மென்று முழுங்குவாள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டாள். டீச்சரோ மூச்சை நன்றாக விட்டு, கட்டிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பாடா, இப்பவாச்சும் வாயத் தொறந்தீங்களே அண்ணி. அவர் உங்ககிட்ட சொன்னதுலேருந்து நீங்க ஒரு வார்த்தை பேசல. கோவமோ வருத்தமோ, என்னன்னும் தெரியல. நானா கேட்டா நல்லாருக்காதுன்னு இருந்துட்டேன்."

"அவன் எங்கிட்ட சொன்னானா?"

"ஆமா, போன மாசமே. நீங்களும் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சந்தோஷமா சொன்னதா..." டீச்சர் பாதியில் நிறுத்தினாள். அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டாள். கரும்பலகை முன்னால் நின்று பிள்ளைகளின் முகம் படிக்கிறவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. "சொல்லவே இல்லையா?" என்றாள் மெதுவாக.

சாவியக்கா பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள். சாய்ந்த கோட்டைத் தடவிக் காட்டினாள். யார் கொண்டுவந்து கொடுத்தார், என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும் வரை டீச்சர் இமைக்கவில்லை. பிறகு அழ ஆரம்பித்தாள். அவளுக்கு அழ ஒரு காரணம் இருந்தது. இந்தச் சாவி தொலைந்தபோது, சமையலறை டப்பாவையெல்லாம் கொட்டித் தேடியவள் அவள். வயசாகிறது, அண்ணிக்கு மறதி வந்துவிட்டது, இனிமேல் தனியாக விடக் கூடாது, தங்கச்சி வீட்டுக்குப் போவதுதான் அவங்களுக்கும் நல்லது என்று அன்று ராத்திரி சின்னவன் சொல்ல, அதையும் ஆமாம் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டவள் அவள்.

டீச்சர் அழுகைக்கு நடுவே அதைச் சொல்லக் கேட்டதும்தான் சாவியக்காவுக்கு முதல் தடவையாகக் கண்ணீர் வந்தது. சாவியையும் எடுத்துக்கொண்டு, மறதிக்காரி என்ற பெயரையும் கட்டிவிட்டிருக்கிறார்கள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பதை அவள் மற்றவர்கள் வீட்டுக் கதையில்தான் கேட்டிருக்கிறாள்.

 யார் யாரைத் தேற்றுவது என்று தெரியவில்லை. கடைசியில் சாவியக்காதான் எழுந்தாள். வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் ஓரத்தில் இருந்த திருகாணியைக் கழற்றினாள். அப்பா கையால் மாட்டிய பழைய பூட்டு. உருவி எடுத்தபோது அதில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கு விரலில் படிந்தது. புதியதைச் செருகி, சாவியைப் போட்டு இரண்டு தரம் திருப்பிப் பார்த்தாள். பட்டுப்போல் திரும்பியது. டீச்சர் நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை.

புதுப் பூட்டுக்கு வந்தது இரண்டு சாவி. ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை டீச்சரிடம் கொடுத்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் சின்னவன் வந்தான். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது, சாவியைப் பூட்டில் நுழைக்கும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி நுழைத்தான். அப்புறம் கதவை முட்டினான். உள்ளே இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் நாலாவது தரம் முயற்சி பண்ணிய பிறகுதான் சாவியக்கா போய்த் திறந்தாள்.

பூட்டுக்கு என்ன ஆச்சு என்றான். பழசு சரியில்லை, மாற்றிவிட்டேன் என்றாள். அவன் தலையாட்டிக்கொண்டே உள்ளே வந்து சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினான். டீச்சரிடம் டீ கேட்டான். டீச்சர் அசையவில்லை. அதையும் அவன் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலையில் அவன் மனசு இல்லை. பட்டணத்துக் கடையில் எந்த அலமாரி எங்கே வைப்பது என்று அவன் பாதி அங்கேயே போய்விட்டிருந்தான்.

"சின்னவனே, தொலைஞ்ச சாவி கிடைச்சிருச்சு" என்றாள் அக்கா. சாப்பாட்டு மேசையின் மேல் அதை வைத்தாள்.

அவன் பார்த்தான். ஒரு கணம் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரத்தில் அவன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் கதையே வேறு மாதிரி போயிருக்கும். அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள். இவள் தூக்கி வளர்த்த பிள்ளை, இவள் முகத்தைப் பார்த்து இன்னும் ஒரு பொய் சொல்ல வராது என்று மனசின் ஒரு ஓரத்தில் நம்பிக்கொண்டும் இருந்தாள்.

"எங்கக்கா கிடைச்சுது?" என்றான்.

"கட்டிலுக்கு அடியில. நீ தேடுன எடத்துலதான்."

 அவன் சிரித்தான். "நாந்தான் சரியா பாக்கல போல" என்றான்.

அக்கா அவன் காதைப் பார்த்தாள். அவன் சின்ன வயசில் பொய் சொன்னால் காது மடல் சிவந்துவிடும். இப்போது சிவக்கவில்லை. இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல இவன் எப்போது பழகினான் என்று வியப்பாகக்கூட இருந்தது.

ஹெல்மெட் போட்ட ஆள் காலையில் கடைக்கு வந்தார் என்று சொன்னாள். மூன்று நகல் கேட்டார் என்று சொன்னாள். கல்யாணம் ஆகாத ஒரு அக்காவைப் பற்றிச் சொன்னார், அந்தம்மா சரியென்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார் என்றாள். குரலை உயர்த்தவில்லை. கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரல்தான்.

சின்னவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பேயறைந்த மாதிரி இருந்தான். பிறகு வரிசையாக வந்தது சமாதானம். நல்ல சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தானாம். மருந்துக் கடையில் எத்தனை காலம் அடுத்தவனுக்குப் பொட்டலம் கட்டுவது என்றான். அக்காவுக்கு ஒரு குறையும் வராது, அங்கேயும் ஜன்னல் பக்கத்துக் கட்டில்தான், அதைக்கூடச் சொல்லிவைத்திருக்கிறான் என்றான். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டிலில் யார் படுத்திருப்பார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டான்.

"வீட்ட வித்துக்கோடா" என்றாள் சாவியக்கா. "உம் பேர்லதான் இருக்கு. எங்கிட்ட வந்து கேட்டிருந்தா நானே பூட்டித் தொறந்து காமிச்சிருப்பேன். கட்டிலுக்கு அடியில போயி தேடுனியே, அதத்தாண்டா என்னால தாங்க முடியல."

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் மெதுவாக, இந்தப் புதுப் பூட்டுக்குத் தனக்கு ஒரு சாவி வேண்டுமே என்றான். நாளைக்கு வாங்குகிறவர்கள் வருவார்கள், அசிங்கமாகிவிடும் என்றான். இந்த நிலையிலும் அவனுக்கு அசிங்கம் யார் முன்னால் என்று பாருங்கள்.

"ரெண்டு சாவிதான் வந்துச்சு. ஒண்ணு எங்கிட்ட இருக்கு, ஒண்ணு உம் பொண்டாட்டிகிட்ட இருக்கு. உனக்கு வேணும்னா திங்கக்கிழமை கடைக்கு வா. வர்றவங்க எல்லாரையும் கேக்குற ரெண்டு கேள்விதான் உன்னையும் கேப்பேன். எந்தப் பூட்டு, யாரோட வீடு. நாலு பேரு நிக்கும்போது நெஞ்சில கைவெச்சு பதில் சொல்லு. வெட்டித் தர்றேன்."

அவன் அழுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அழுதான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதான். அவளுக்குக் கை பரபரத்தது, போய் முதுகைத் தடவிக் கொடுக்க. பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இப்ப சொன்னது பொய்தான்கா. வீட்டு விஷயமும் மறைச்சது நாந்தான்" என்றான் கைக்குள்ளிருந்தே. "ஆனா அன்னிக்கு நான் நெசமாத்தான் தேடுனேன். சாவிய எடுத்தது நான் இல்ல."

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். நானும் இல்லை என்று அவள் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கூடுதல் சாவிக்கு அக்காவிடம்தான் போகணும், அவள் கேள்வி கேட்பாள், என்ன பண்ணுவதென்று தெரியவில்லை என்று போனில் ஒரு ஆளிடம் புலம்பினானாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே என்று பதில் வந்ததாம். அக்கா சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறாள் என்று இவனும் தேடியிருக்கிறான். மறுநாள் பஸ்ஸில் ஒரு பொட்டலம் வந்ததாம். பிரித்தால் உள்ளே சாவி. அதன் பிறகு திருப்பிக் கொடுக்கத் தைரியம் இல்லை, சும்மா இருந்துவிட்டான். மறதி வந்துவிட்டது என்று சொல்லச் சொன்னதும் அதே ஆள்தான்.

எந்த ஆள் என்று சாவியக்கா கேட்கவில்லை. அவள் கண்ணுக்குள் ஒரு காலை நேரம் ஓடியது. நடுவிலவள் ஊருக்குக் கிளம்புகிறாள். வந்த நாளிலிருந்து ஒரே கட்டிலில், ஒரே தலையணையில் தலைவைத்துப் பேசித் தீர்த்திருக்கிறார்கள். பேச்சுக்கு நடுவே, பிறந்த வீட்டுச் சாவி எனக்கு மட்டும் இல்லையே, ஒன்று வெட்டித் தரக் கூடாதா என்று கேட்டாள். நீ வந்தால் நான் திறக்க மாட்டேனா என்று இவள் சிரித்தாள். பஸ் நிலையம் வரை இரண்டு பேரும் சேர்ந்தே நடந்தார்கள். உனக்குத் தோள்வலி அக்கா, உன் பையை நான் தூக்கிக்கொள்கிறேன் என்று வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். தங்கைக்கு எவ்வளவு பாசம் என்று இவள் வழி நெடுகப் பூரித்துக்கொண்டு வந்தாள்.

சாவியக்கா போனை எடுத்தாள். தம்பி கையை நீட்டித் தடுக்கப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்து போய் நின்று எண்ணை அழுத்தினாள்.

நடுவிலவள் உடனே எடுத்தாள். என்னக்கா, இந்த நேரத்தில், சாப்பிட்டாயா என்று அதே கொஞ்சல் குரல். பின்னால் டிவி ஓடுகிற சத்தம்.

"தொலைஞ்ச என் சாவி கிடைச்சிருச்சுடி" என்றாள் சாவியக்கா.

அந்தப் பக்கம் டிவி நின்றது. சாவியக்கா காதை போனோடு அழுத்திக்கொண்டாள். எந்தச் சாவி என்று ஒரு வார்த்தை கேட்டுவிட மாட்டாளா என்று இருந்தது. கேட்டிருந்தால் போதும். தம்பி சொன்னதையெல்லாம் பொய் என்று தள்ளிவிட்டுத் தங்கையை நம்பியிருப்பாள்.

"அந்தப் பய சொல்லிட்டானா?" என்றாள் நடுவிலவள்.